சூதாடியின் கணக்கு

சென்ற ஆண்டு விடுதியில் போக்கர் ஆடி ஒரு மாத மெஸ் பணத்தைத் தோற்றேன். எதிரியின் கையில் ஒரு ஜோடி இருந்தது. எனக்கு ஏஸ் உள்பட நான்கு இஸ்பேட். இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டும். காணாத 47 சீட்டில் 9 இஸ்பேட், 3 ஏஸ், ஆக 12 சீட்டு எனக்கு உதவும். 12ஐ இருமுறை கூட்டி 47இல் 24, பாதிக்கு மேல் என்று நொடியில் கணித்துத் துணிந்தேன். அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் கிரோலாமோ கார்டானோவின் வரலாற்றைப் படித்தேன்.

அவர் 1501இல் இத்தாலியின் பாவியா நகரில் பிறந்தார். தந்தை கணிதம் வல்ல வழக்கறிஞர். லியோனார்டோ டா வின்சியின் நண்பர். ஆனால் பெற்றோர் அப்போது மணம் செய்துகொள்ளாதவர். அதைக் குறையாகக் காட்டி மிலான் மருத்துவர் கழகம் அவரைப் பல ஆண்டு ஒதுக்கியது, 1539இல்தான் சேர்த்துக்கொண்டது. இடைக்காலத்தில் பகடையும் சீட்டும் சில நாள் சோறு போட்டன. சில நாள் இருந்த சோற்றையும் பறித்தன. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. வெனிஸில் அடையாளமிட்ட சீட்டால் ஏமாற்றியவனைக் கத்தியால் கீறிப் பணத்தை மீட்டவர், இருளில் கால்வாயில் விழுந்து உயிர் தப்பினார்.

அந்த அனுபவத்தின் பயனே பகடையாட்டம் பற்றிய அவருடைய நூல். நிகழக்கூடியவை எத்தனை, அவற்றுள் நமக்கு ஏற்றவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் முறையை அதில் காட்டினார். ஆயினும் முதலில் அவரும் தவறினார். பகடைக்கு ஆறு முகம். எனவே மூன்று முறை உருட்டினால் விரும்பிய முகம் விழப் பாதி வாய்ப்பு என்று கருதினார். ஒரே முகம் இருமுறை விழுவதும் உண்டே! மும்முறையும் தவறும் வழிகள் 216இல் 125, எஞ்சுவன 91, அஃதாவது நூற்றுக்கு 42. அதே நூலில் பின்னர் இந்த 91ஐ அவரே கண்டார். முன் எழுதிய பிழையையும் அழிக்காமல் விட்டார். என் பிழையும் அதுவே. தவறும் வழிகளைக் கழித்துப் பார்த்தால் என் வாய்ப்பு நூற்றுக்கு 45தான்.

பின்னாளில் புகழ் வந்தது. 1545இல் அவருடைய இயற்கணிதப் பெருநூல் வெளிவந்தது. 1552இல் பேராயர் ஒருவருக்கு மருத்துவம் செய்ய ஸ்காட்லாந்து சென்றார். துயரமும் உடன் வந்தது. மனைவிக்கு நஞ்சிட்ட குற்றத்துக்காக மூத்த மகன் 1560இல் கொல்லப்பட்டான். 1570இல் சமய விசாரணையினர் தந்தையைச் சிறையிலிட்டனர். 1576இல் ரோமில் அவர் காலமானார். சூது நூல் அச்சேறியது 1663இல்.

சூதாடிக்கு ஆடாதிருப்பதே பெரிய ஆதாயம் என்பதும் அந்நூலில் உள்ள கருத்துத்தான். அறிந்தவர் ஆடினார்; ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு பகடையை விடவில்லை. நண்பர்களே, வாய்ப்பை எண்ணுவதற்குக் கணிதம் போதும். மேசையை விட்டு எழுவதற்கு அது போதாது. மெஸ் கடனை மூன்று மாதத்தில் அடைத்து நான் கற்றது இது.