செல்லாத பட்டமும் கார்வே பெருமகனாரும்

புனேயில் நாம் நாள்தோறும் பேருந்தில் போய்வரும் சாலைக்குக் கார்வே சாலை என்று பெயர். அந்தக் கார்வே யார் என்று ஓராண்டுக் காலம் நான் கேட்டதே இல்லை, நண்பர்களே. கேட்க வைத்தவள் என் அக்காள். ஊரில் ஒரு நிறுவனத்தில் மூன்றாண்டு படித்துப் பட்டம் என்று ஒரு தாள் வாங்கி வந்தாள். வேலைக்கு மனுப் போட்ட பிறகுதான் அது செல்லாத தாள் என்று தெரிந்தது. பட்டம் கொடுக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய்க் கார்வேயிடம் வந்து சேர்ந்தேன்.

தோண்டோ கேசவ் கார்வே 1858-இல் இரத்தினகிரி மாவட்டத்தில் பிறந்தவர். இளம் வயதில் தேர்வெழுத நூறு மைலுக்கு மேல் மலைவழியே நடந்து சதாரா போனார். பதினேழு வயது நிரம்பியவராகத் தோன்றவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1884-இல் பம்பாயில் பட்டம் பெற்று, 1891 முதல் பெர்கூசன் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1893-இல் விதவைப் பெண்ணொருத்தியை மணந்தார். சொந்த ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. 1896-இல் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அது ஹிங்கணே கிராமத்துக்கு மாறியபின், அங்கிருந்து நகரத்துக்கும் கல்லூரிக்கும் நடந்தே போய்வந்தார்.

ஜப்பானில் மகளிர்க்கென ஒரு பல்கலைக் கழகம் நடப்பதைப் படித்தறிந்து, 1916-இல் தாமும் ஒன்று தொடங்கினார். பாடம் தாய்மொழியில். இங்கேதான் சிக்கல். சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக் கழகங்கள் 1857-இல் தனித்தனிச் சட்டங்களால் பிறந்தவை. கார்வேயின் கழகத்துக்குச் சட்டமும் இல்லை, சாசனமும் இல்லை. பட்டம் கொடுப்பதை அன்று யாரும் தடுக்கவில்லை, மதிக்கத்தான் ஆளில்லை. கிருஹீதாகமா, சுருக்கமாக ஜி.ஏ., என்று பட்டத்துக்குத் தாமே பெயர் சூட்டினார். அந்த எழுத்துகளை நம்பிப் படிக்க வந்த பெண்களின் துணிவை என்னென்பது! 1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சி பதினைந்து இலட்சம் ரூபாய் வழங்க, அவருடைய அன்னையார் நாதிபாயின் பெயர் கழகத்துக்கு அமைந்தது. பணம் வந்தது, சட்டம் வரவில்லை.

1949-இல்தான் பம்பாய் சட்டமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. 1951-இல் அது சட்டபூர்வமான பல்கலைக் கழகமாயிற்று. கார்வேக்கு அப்போது வயது 93.

1956-இல் வந்த பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இதை இறுக்கிக் கட்டியது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக் கழகம், நிகர்நிலை பெற்ற நிறுவனம், பாராளுமன்றம் தனியே அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவையே பட்டம் வழங்கலாம். மீறினால் அபராதம். கார்வே 1916-இல் செய்ததை இன்று செய்தால் அவரும் குற்றவாளிதான்! ஆனால் அவர் மாணவிகளிடம் எதையும் மறைக்கவில்லை. என் அக்காளிடம் மறைத்தார்கள்.

1958-இல் கார்வேக்குப் பாரத ரத்னா கிடைத்தது. 1962-இல் 104-ஆம் வயதில் மறைந்தார். அக்காள் இவ்வாண்டு மீண்டும் முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். இம்முறை விண்ணப்பம் வாங்குமுன், அந்தக் கழகம் எந்தச் சட்டத்தால் அமைந்தது என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதினாள்.