வலியின் சாட்சி

உடலில் தோன்றும் வலி ஒன்று. அவ்வலியை எண்ணி உள்ளம் படும் துன்பம் மற்றொன்று. இரண்டும் பிணைந்தே வருவதால் இரண்டையும் ஒன்றெனவே கருதிவிடுகிறோம். இவற்றைப் பிரித்தறிந்து வாழ்ந்தோர் மிகச் சிலர். திருவண்ணாமலையில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இரமண மகரிஷி அவர்களுள் ஒருவர்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வேங்கடராமன் என்பது இவரது இயற்பெயர். தந்தையை இளமையிலேயே இழந்து, மதுரையில் சிற்றப்பன் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். 1896ஆம் ஆண்டு, பதினாறு வயதில், நோய் ஏதுமின்றியே மரண அச்சம் அவரைப் பற்றியது. அவர் எவரையும் உதவிக்கு அழைக்கவில்லை. தரையில் பிணம்போல் கிடந்து, இறப்பது எது, எஞ்சுவது எது எனத் தமக்குள்ளேயே வினவினார். உடல் அழியினும் அழியாதது ஒன்று உண்டு என்னும் தெளிவு பிறந்தது. அச்சம் அகன்றது. ஆறு வாரங்கள் கழிந்து வீட்டை நீங்கியவர், செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார்.

கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அசைவற்று அமர்ந்திருந்த இளைஞர்மீது சிறுவர்கள் கல்லெறிந்தனர். அத்தொல்லையைத் தவிர்க்க, நிலத்தடியில் இருந்த பாதாள லிங்கச் சன்னிதிக்குள் சென்று அமர்ந்தார். இருளும் ஈரமும் நிறைந்த அவ்விடத்தில் பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாயின. குருதியும் சீழும் வடிந்தன. அவரோ அதனை உணராதிருந்தார். அன்பர்கள் சிலர் உள்ளே இறங்கி அவரைத் தூக்கிவந்து காத்தனர். இந்நிகழ்ச்சி இருவேறு உண்மைகளை உணர்த்துகிறது. உள்ளம் ஒன்றில் ஆழ்ந்தால் வலி உணரப்படாமற்போகலாம் என்பது ஒன்று. வலி உடலின் காவலன். காவலன் குரல் கேளாத இடத்தில் புண் வளரும் என்பது மற்றொன்று. அன்று அவ்வுடலைக் காத்தவை பிறர் கைகளே.

பின்னர் மலைமேல் விரூபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். தம் வலியைப் பொருட்படுத்தாத அவர், பிற உயிர்களின் வலியைக் கண்டு வாளாவிருந்ததில்லை. கூட்டத் தலைவனால் கடியுண்டு கிடந்த குரங்குக் குட்டியொன்றை எடுத்துப் பேணி உயிர் பிழைக்கச் செய்தார். 'நொண்டி' என்னும் பெயர் பெற்ற அக்குட்டி அவரிடம் நெருங்கிப் பழகியது. 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அன்னையார் இறுதி நிலையை எய்தியபோது, ஒரு கையை அவர் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்தபடி, உயிர் அடங்கும்வரை பல மணி நேரம் அருகிலேயே அமர்ந்திருந்தார். மருந்து பயன்படாத வேளையிலும் அன்பான தொடுகை ஆறுதல் தரவல்லது.

அதன்பின் மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவாயிற்று. 1924ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் இரவு திருடர்கள் அங்கே புகுந்தனர். இரமணரின் இடத்தொடையிலும் அடி விழுந்தது. திருப்பித் தாக்க முனைந்த அன்பரை அவர் தடுத்துவிட்டார். திருடர்கள் சென்றபின், அடிபட்ட மற்றவர்களுக்கு மருந்து பூசச் செய்தார். தாமும் அடிபட்டதைப் பிறர் கேட்டறிந்த பின்னரே கூறினார்.

முதுமை நெருங்க, கால்களிலும் முதுகிலும் வாத நோய் கண்டது. தொண்டர்கள் தைலம் தேய்த்து அவர் கால்களைப் பிடித்துவிட்டனர். கோலூன்றியேனும் மலைப்பாதையில் நாள்தோறும் நடப்பதை அவர் விடவில்லை. தேய்த்தலும் அளவான இயக்கமும் இன்றைய இயன்முறை மருத்துவத்தின் வழிமுறைகளுள் அடங்குவன. இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால் வலி குறைவது ஏன்? 1965ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்னும் அறிவியலாளர் இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு உண்டு. தொடுவுணர்வு மிகும்போது அவ்வாயில் ஓரளவு மூடி, மூளைக்குச் செல்லும் வலிச்செய்தியைக் குறைக்கிறது என்றனர். மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லன. எனவே அச்சமும் கவலையும் வலியைப் பெருக்கலாம். அமைதி அதனைக் குறைக்கலாம். வலி என்பது புலனுணர்வு மட்டுமன்று, மனவுணர்வும் கலந்த பட்டறிவு என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து.

1948ஆம் ஆண்டின் இறுதியில் இரமணரின் இடக்கையில் சிறு கட்டியொன்று தோன்றியது. அது கொடிய புற்றுக்கட்டி எனப் பின்னர்த் தெரியவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை அறுவை செய்தனர். ரேடியக் கதிர் மருத்துவமும் அளித்தனர். கட்டியோ மீண்டும் மீண்டும் வளர்ந்தது. கையையே நீக்கிவிடலாம் என்ற மருத்துவர்களின் கருத்துக்கு மட்டும் அவர் இசையவில்லை. மற்றபடி அலோபதி, ஆயுர்வேதம், ஓமியோபதி எனப் பலவகை மருத்துவங்களையும், அன்பர்களின் மனநிறைவுக்காக ஏற்றுக்கொண்டார். வலி இல்லை என்று அவர் மறுத்ததில்லை. அது உடலுக்குரியது என்று கண்டு, அதற்குச் சாட்சியாக இருந்தார். இறுதி நாள்களிலும், தம்மைக் காண வருவோரைத் தடுக்க அவர் உடன்படவில்லை. சிறு அறையொன்றில் கிடந்த அவரை, மக்கள் வரிசையாக வந்து கண்டு சென்றனர்.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, மருத்துவர் உயிர்வளி அளிக்க முற்பட்டபோது, கையசைத்து வேண்டாவெனத் தெரிவித்தார். 8.47 மணிக்கு மூச்சு அமைதியாக அடங்கியது.

வலி வரும்போது மருத்துவரை நாடுவது நம் கடமை. வலியை மறைத்துப் பொறுத்திருப்பது வீரமன்று. காலத்தே அறிந்தால் தீரும் நோய்கள் பல. அதே வேளையில், மருந்து உடலைப் பேணும்போது உள்ளத்தைக் கலங்காமற் காக்கும் பொறுப்பு நம்முடையது. தம் வலியைப் பெரிதாக்காமலும் பிறர் வலியைச் சிறிதாக்காமலும் வாழ்ந்த இரமணரின் வாழ்க்கை அதற்கு வழிகாட்டுகிறது.