வங்கம் தந்த சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி

சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் நம்மவர் யாவரும் உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பர். பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே அது நிலைத்துவிட்டது. ஆனால் அதனை வடித்தவர் யாரெனக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. தமிழ்நாட்டில் பிறவாது, தம் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகளைத் தமிழ்நாட்டிற்கே அளித்த அக்கலைஞரின் வாழ்வை இவ்விதழில் நினைவுகூர்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

பிறப்பும் பயிற்சியும்

தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், பிரிக்கப்படாத வங்காளத்தின் ரங்கபூர் மாவட்டத்துத் தாஜ்ஹாட் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. நிலக்கிழார் குடியில் தோன்றிய அவர் வசதியான வாழ்வை நாடாமல் கலையை நாடினார். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடமும் சிற்பத்தை ஹிரண்மய ராய் சௌத்ரியிடமும் பயின்றார். முன்னவர் இந்திய மரபின் மென்மையான கோடுகளையும் வண்ணங்களையும் மீட்டெடுத்தவர். பின்னவர் மனித உடலை உள்ளவாறே உருவாக்கும் மேலைநாட்டு முறையில் தேர்ந்தவர். இவ்விரு நெறிகளும் ஒருவரிடமே கூடியது பின்னாளில் பெரும்பயன் விளைத்தது.

சென்னைக்கு வருகை

1920-களின் இறுதியில் அவர் சென்னைக்கு வந்து, அரசினர் கலை, கைத்தொழிற் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் 1850-இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் இவரே. அதுகாறும் அங்குக் கைத்தொழிலே முதன்மை பெற்றிருந்தது. அலுமினியப் பாத்திரத் தொழில் இந்நாட்டில் வேரூன்றியதிலும் அப்பள்ளிக்குப் பங்குண்டு. ராய் சௌத்ரி அங்கு ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் உரிய இடத்தை அளித்தார். மாணவர்கள் உயிருள்ள மனிதரை எதிரில் நிறுத்தி வரையவும், வெளியே சென்று இயற்கையைத் தீட்டவும் பழகினர்.

மொழியும் உணவும் பழக்கமும் வேறான ஊரில் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் அவர் ஆசிரியராக விளங்கினார். பின்னர்ச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்த கே.சி.எஸ். பணிக்கரும், சிற்பி எஸ். தனபாலும் அவரிடம் பயின்றவர்களே. மாணவர்கள் தம் நடையையே பின்பற்ற வேண்டுமென அவர் வற்புறுத்தவில்லை. ஆதலின் அவர்கள் ஆசிரியரினின்றும் வேறுபட்ட புதுவழிகளைக் கண்டனர். நல்லாசிரியர்க்கு இதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

படைப்புகள்

அவருக்கு முன்னர்ச் சென்னையின் பொதுவிடங்களில் நின்ற சிலைகள் பெரும்பாலும் ஆள்வோர் சிலைகளே. ஆளுநர் தாமஸ் மன்றோ குதிரைமீது அமர்ந்திருக்கும் சிலை, லண்டன் சிற்பி சாண்ட்ரியால் செய்யப்பட்டு, கப்பலேறி வந்து, 1839-இல் நிறுவப்பட்டது. அதிகாரம் உடையவர்க்கே சிலை என்பது அக்காலத்து வழக்கு.

1959-ஆம் ஆண்டு ஜனவரியில் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவ்வழக்கை மாற்றியது. பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நால்வரை அதில் காண்கிறோம். இடையில் சிறு துணியன்றி அவர்க்கு வேறு அணியில்லை, பெயரும் இல்லை. முதுகின் வளைவிலும் தொடையின் இறுக்கத்திலும் அவர்தம் முயற்சி முழுவதும் தெரிகின்றது. பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இச்சிலைக்கு மாதிரியாக நின்றனர் என்பர். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் தொழிலாளர் திருநாளைக் கொண்டாடிய சென்னைக் கடற்கரையில் இச்சிலை அமைந்தது மிகப் பொருத்தமே.

அதே 1959-இல், மெரினாவில் அவர் வடித்த காந்தியடிகளின் சிலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். கையில் கோலூன்றி விரைந்து நடக்கும் தோற்றம் அது. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், பாட்னா செயலகத்தில் தேசியக் கொடியேற்ற முயன்று துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையான ஏழு மாணவர்களின் நினைவுச்சின்னமும் அவர் கைவண்ணமே. திருவிதாங்கூரில் 1936-இல் ஆலயக் கதவுகள் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்ட நிகழ்ச்சியையும் அவர் சிற்பமாக்கினார்.

தில்லியில், காந்தியடிகளின் பின்னே பத்துப்பேர் தண்டி யாத்திரையில் செல்லும் பதினோரு உருவச் சிற்பத்தை அவர் தொடங்கினார். அது அவர் மறைவுக்குப் பின்னரே நிறைவெய்தியது. 2016-ஆம் ஆண்டு விலக்கப்பட்ட 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்தது அக்காட்சியே. நாம் அனைவரும் அவர் படைப்பை அறியாமலே கையில் ஏந்தியிருக்கிறோம்.

இருவகைச் சிற்பம்

ஜவ்வாது மலைத்தொடருக்குக் கிழக்கே, போளூரை அடுத்த திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் நிற்கும் சிகாமணிநாதராகிய நேமிநாதர் திருவுருவை நம் குடும்பத்தினர் அறிவர். அது கல்லைக் குறைத்துக் குறைத்துக் கண்ட உருவம். ராய் சௌத்ரியின் முறையோ களிமண்ணை இரும்புச் சட்டத்தின் மேல் அப்பி அப்பி வளர்ப்பது. பின் அச்செடுத்து வெண்கலத்தில் வார்ப்பது. தீர்த்தங்கரர் திருமேனியில் முயற்சியின் சுவடே இல்லை. வினை நீங்கிய அமைதியே உண்டு. உழைப்பாளர் சிலையிலோ வினையின் பாரம் முழுவதும் உண்டு. ஒன்று உயிர் சென்றடைய வேண்டிய நிலை. மற்றொன்று உலகில் அது படும் பாடு. இரண்டையும் உணர்ந்தவர்க்கே இரண்டின் அருமையும் விளங்கும்.

மனிதர்

அவர் மல்யுத்தத்தில் வல்லவர், புல்லாங்குழல் வாசிப்பவர், வங்கமொழியில் கதைகள் எழுதியவர். வேட்டையிலும் விருப்பமுடையவர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனை மறைக்கவும் வேண்டா, ஏற்கவும் இயலாது. உழைப்பவனின் நோவை அத்துணை நுட்பமாகக் கண்ட கண்கள், விலங்கின் நோவைக் காணாதது நமக்கு வருத்தமே. எனினும் அகிம்சையே உருவான காந்தியடிகளை மீண்டும் மீண்டும் வடித்தவையும் அக்கைகளே. பெரியோரிடத்தும் குணம், குற்றம் இரண்டும் உள. குணத்தைக் கொண்டு குற்றத்தை நியாயப்படுத்தாமலும், குற்றத்தைக் கொண்டு குணத்தைத் தள்ளாமலும் இருப்பதே நடுவுநிலைமை. ஒரு பொருளைப் பல நோக்கில் காணக் கற்பிக்கும் அநேகாந்த நெறியும் இதனையே நமக்கு உணர்த்துகின்றது.

சிறப்புகளும் மறைவும்

1954-இல் லலித கலா அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

திருமலைத் திருவுருவைச் செதுக்கிய சிற்பியின் பெயரை நாம் அறியோம். காலம் அதனைக் கொண்டுசென்றுவிட்டது. உழைப்பாளர் சிலையைச் செய்தவரின் பெயரோ நமக்குக் கிடைத்துள்ளது. அதனை மறப்பது காலத்தின் குற்றமாகாது. நம் குற்றமே ஆகும். சென்னை செல்லும் பெற்றோர் தம் மக்களுக்கு அச்சிலையைக் காட்டும்போது, வங்கத்திலிருந்து வந்து நம்மவரானவரின் பெயரையும் சொல்லிவைப்பார்களாக.