மங்கிய ஒளியைத் தேடிய மேதை: டாக்டர் வைணு பாப்பு

மார்கழி மாத முன்னிரவில் நம் எடமலைப்பட்டி புதூர் வீட்டு மாடியில் நின்று கிழக்கே நோக்கினால் செந்நிறத் திருவாதிரை நட்சத்திரம் தெரியும். அதனை அடுத்து மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் அருகே மங்கலாக ஒரு புள்ளி உண்டு. அதுவே சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா.

காமிராவில் டெலி லென்சைப் பொருத்தி, பூமியின் சுழற்சிக்கு ஈடாக மெல்லத் திருப்பியவாறு, பல நிமிடங்கள் பிலிமில் ஒளி விழச் செய்தால், அப்புள்ளி சிறகு விரித்த பறவைபோல் பதிவாகும். நம் கண்ணால் ஒளியை நெடுநேரம் சேர்த்து வைக்க இயலாது. பிலிமோ சிறுகச் சிறுகச் சேமிக்கும். இவ்வாறு இரவெல்லாம் விழித்து ஒளி சேர்ப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர் டாக்டர் வைணு பாப்பு.

இவர் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணி புரிந்தவர். ஆகவே தொலைநோக்கி இவருக்கு இளமையிலேயே பழக்கமாயிற்று. உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949 ஜூலை 2 அன்று இரவு எடுத்த புகைப்படத் தகட்டில், அதுவரை எவரும் அறியாத வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். பேராசிரியர் பாக், உடன் பயின்ற நியூகிர்க் ஆகியோர் பெயர்களுடன் இவர் பெயரையும் அது தாங்கியுள்ளது.

அயல்நாட்டிலேயே இவர் தங்கியிருக்கலாம். ஆயினும் தாயகம் திரும்பி, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். சூரிய ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்ற இடம் அது. மங்கிய விண்பொருள்களைக் காணவோ, மேகமும் நகர விளக்கும் குறைந்த இருண்ட வானம் வேண்டும். பல இடங்களைத் தேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. 1977இல் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்டபோது காவலூருக்கும் அதில் பங்கு கிடைத்தது.

பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது இவரது பெருங்கனவு. 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கான பணி நடந்துகொண்டிருந்தது. 1979இல் பன்னாட்டு வானியல் கழகத்தின் தலைமைப் பதவியும் இவரைத் தேடி வந்தது. ஆனால் 1982 ஆகஸ்டு 19 அன்று, 55ஆம் வயதில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். கனவுத் தொலைநோக்கி வழியே வானைக் காண இவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1986இல் அது இவர் பெயராலேயே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இன்று பிலிமின் இடத்தை மின்னணுக் கருவிகள் பிடித்துவிட்டன. ஆயினும் ஒளிக்காகக் காத்திருக்கும் பொறுமை இன்றும் தேவையே. அன்புத் தோழியரே, பயனை நாமே காண்போமா என்று எண்ணாது உழைத்த இப்பெரியாரை, அடுத்த மார்கழியில் திருவாதிரையைக் காணும்போது நினைவு கூர்வோமாக!