வானத்தைப் பார்த்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தியவர்

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ இரவில் வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் எளிதில் கண்ணில் படாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முஷ்டி மறைக்கும் உயரத்துக்குள்ளேயே அது அடிவானத்தை ஒட்டி நிற்கும். ஒரு தென்னந்தோப்பு போதும், அதை மறைத்துவிட.

ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே வானத்தின் துருவம் இருக்கும். பாறசாலையில் அது 8 டிகிரிக்குச் சற்று அதிகம். சென்னையில் 13. இங்கிலாந்தின் கிரீனிச்சில் 51-க்கும் மேல்.

இந்தக் கணக்கோடு வாழ்நாள் முழுவதும் பழகிய ஒருவரின் உழைப்பு, எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் பல தமிழர் வீடுகளில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அவர்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

கடைநிலையில் தொடங்கிய வேலை

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த ரகுநாதாச்சாரி, இளம் வயதிலேயே சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட ஆய்வுக்கூடம் அது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் ரயில்கள் ஓடியதும் அந்த ஆய்வுக்கூடம் கணித்த சென்னை நேரப்படிதான். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் 1906-ல்தான் வந்தது.

1861-ல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஆய்வுக்கூடத் தலைவராக வந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி சென்னையிலிருந்தே ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்து, அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவரிடம் ரகுநாதாச்சாரி படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளர் ஆனார்.

நட்சத்திரத்தோடு சுற்றும் கருவி

அந்த ஆய்வுக்கூடத்தில் ஈக்குவடோரியல் என்ற வகைத் தொலைநோக்கிகளும் இருந்தன. ஒன்று 6 அங்குலக் கண்ணாடி உடையது. மற்றொன்று 8 அங்குலம்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதுபோல் தெரிகின்றன. சாதாரணத் தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தால் சிறிது நேரத்தில் அது விலகிப் போய்விடும். ஈக்குவடோரியலில் ஒரு அச்சு நேராக வானத்தின் துருவத்தை நோக்கி நிற்கும். அந்த ஒரு அச்சைச் சுற்றி, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் கருவியை மெல்லத் திருப்பினால் போதும். நட்சத்திரம் பார்வையை விட்டு அகலாது.

ஆனால் அச்சின் சாய்வு ஊருக்கு ஊர் மாறும். கிரீனிச்சின் சாய்வோடு சென்னையில் நிறுத்தினால் பயன் இல்லை. பாறசாலையில் நிறுத்தினால் அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும்.

ஒருமுறை நிறுத்திவிட்டோம் என்று இருந்துவிடவும் முடியாது. தரை சற்று அமிழ்ந்தாலும், திருகு தளர்ந்தாலும் அச்சு விலகும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பழைய எண்ணெய் கெட்டிப்பட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். துடைத்துப் புது எண்ணெய் இட வேண்டும்.

அச்சு சரியாக இருக்கிறதா என்பதை நட்சத்திரமே சொல்லிவிடும். உச்சியைக் கடக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அது வடக்கிலோ தெற்கிலோ நழுவினால் அச்சு பக்கவாட்டில் விலகியிருக்கிறது. கிழக்கே தாழ்ந்து நிற்கும் நட்சத்திரம் அப்படி நழுவினால் அச்சின் உயரத்தில் பிசகு. திருகைச் சிறிது திருப்பி, மறுபடி பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் தோப்புக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் இந்த முறை கைகொடுக்கும்.

வானம் ஒன்று சொல்ல, கருவி வேறு சொன்னால் திருத்த வேண்டியது கருவியைத்தான். ஆய்வுக்கூடத் தொழிலின் முதல் பாடம் இது.

தெற்கு வானில் ஒரு நட்சத்திரம்

1867-ல் ரகுநாதாச்சாரியின் கண்ணுக்கு ஒரு நட்சத்திரம் ஒளி மாறுவதாகப் பட்டது. ரெட்டிகுலம் என்ற தென்வான மண்டலத்தில் உள்ள அந்த நட்சத்திரத்துக்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பிரகாசித்து மங்கும். கிரீனிச்சிலிருந்து அது ஒருபோதும் தெரியாது. சென்னையில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே எழும். துருவ நட்சத்திரம் தாழ்ந்து கிடக்கும் பாறசாலையில் இன்னும் சிறிது உயரத்தில் வரும்.

1868 ஆகஸ்டு 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு அவரே தலைமை வகித்தார். 1871 டிசம்பர் கிரகணத்தின்போது அவிநாசி சென்றார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார்.

பஞ்சாங்கத்துக்கும் அதே சட்டம்

ரகுநாதாச்சாரிக்குத் தம் குடும்பத் தொழிலும் மறக்கவில்லை. பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்துக்கும் உண்மையான வானத்துக்கும் காலப்போக்கில் இடைவெளி விழுந்திருந்தது. திதி மாறும் நேரமும் கிரகண நேரமும் பிசகின. நீண்ட காலம் தொடாத கருவியின் அச்சு விலகிப் போவதைப் போன்றதுதான் இதுவும்.

முன்னோர் கணக்கு தவறு என்று சொல்வது அந்நாளில் எளிய காரியம் அல்ல. அவர் முன்னோரைப் பழிக்கவில்லை. அவர்கள் காலத்தில் சரியாக இருந்த கணக்கை இன்றைய வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றார். 1869 முதல், கண்ணால் கண்ட நிலைக்குப் பொருந்துமாறு கணித்த பஞ்சாங்கத்தை வெளியிட்டார். திருக்கணிதம் என்று நாம் சொல்வது இந்த வழிதான்.

1874 டிசம்பர் 9-ந் தேதி சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்தது. அதைப் பொதுமக்களுக்கு விளக்க, உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். அது ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வந்தது.

1880 பிப்ரவரி 5-ந் தேதி ரகுநாதாச்சாரி காலமானார். 1899-ல் வான் ஆய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. அவர் காலத்து 6 அங்குலத் தொலைநோக்கியும் மலையேறி, புதுப்பிக்கப்பட்டு, 20-ம் நூற்றாண்டில் சூரியனைப் படம் எடுக்கப் பயன்பட்டது.

வாக்கியமா, திருக்கணிதமா என்ற பேச்சு கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது வீடுகளில் இன்றும் எழுகிறது. பஞ்சாங்கம் எதுவானாலும், வானத்தோடு ஒத்துப் பார்த்து ஏற்க வேண்டும் என்ற வழக்கத்துக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர் ரகுநாதாச்சாரி.