ஓரியைக் கொன்றவன்... ஆனாலும் வள்ளல்! கள்ளக்குறிச்சி மண்ணை ஆண்ட மலையமான் காரி யார்?

'பொன்னியின் செல்வன்' படம் பார்த்தவர்களுக்கு திருக்கோவலூர் மலையமானை நினைவிருக்கும். ஆதித்த கரிகாலனின் தாத்தா. நடிகர் லால் ஏற்று நடித்த பாத்திரம். படத்தில் சில காட்சிகளே வந்தாலும், அந்தப் பெயருக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு நீண்ட ஒரு குலத்தின் கதை இருக்கிறது. அந்தக் குலத்தில் மிகவும் புகழ்பெற்றவன் சங்க காலத்தில் வாழ்ந்த மலையமான் திருமுடிக்காரி.

கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனா அதே ஏழு பேரில் இன்னொருவரான வல்வில் ஓரியைக் கொன்றதும் இவன்தான். கொடுத்த கையும் கொன்ற கையும் ஒன்றே. அந்தப் பகையின் நிழல் அவன் வீட்டுப் பிள்ளைகள் தலைமேல், யானையின் கால் வரைக்கும் வந்து நின்றது.

யார் இந்தக் காரி? அவன் ஏன் ஓரியைக் கொன்றான்? அவனுக்குப் பின் அந்தக் குலம் என்ன ஆனது? பார்க்கலாம்.

மலையமான் நாடு எங்கே இருந்தது?

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது திருக்கோவிலூரும் கல்வராயன் மலையும் இந்த மாவட்டத்துக்கு வந்தன. மாவட்டம் புதுசுதான். ஆனா பழங்காலத்தில் இந்த வட்டாரத்துக்குத் தனிப் பெயரே உண்டு: மலையமான் நாடு. பேச்சு வழக்கில் சுருங்கி 'மலாடு' ஆனது.

தலைநகர் கோவலூர், அதாவது தென்பெண்ணைக் கரையில் உள்ள இன்றைய திருக்கோவிலூர். காவல் அரண் முள்ளூர் மலை. கிழக்கே ஆற்றுச் சமவெளி, மேற்கே மலைத்தொடர். கல்வராயன் மலையைத் தாண்டினால் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் ஓரியின் கொல்லிமலை. வடமேற்கில் அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி. காரியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த வரைபடம் மனசில் இருக்கணும். அவனுடைய முக்கியமான சண்டைகள் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களோடுதான்.

குதிரைக்கும் அதே பெயர்!

காரி என்றால் கருமை. அவனுடைய குதிரையின் பெயரும் காரிதான். எதிரி ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. இரண்டு பேரும் தத்தம் குதிரையில் ஏறி மோதியதை, வள்ளல்களைப் பட்டியலிடும் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகிறது.

திருக்கோவிலூர்ப் பகுதியில் கிடைத்த பழைய செப்புக் காசுகளை ஆய்வாளர்கள் மலையமான் காசுகள் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் இருப்பதும் குதிரை. மறுபக்கம் ஆறும் மலையும். பாட்டில் வரும் குதிரை காசிலும் ஓடுகிறது.

மூவேந்தரும் ஏன் இவன் வாசலில் நின்றார்கள்?

காரி பேரரசன் கிடையாது. ஒரு குறுநிலத் தலைவன், அவ்வளவுதான். ஆனால் சேரர், சோழர், பாண்டியர் என்று மூன்று பேரும் அவனிடம் தூது அனுப்பினார்கள். காரணம் அவனுடைய படை.

இதைக் கபிலர் புறநானூற்றில் தெளிவாகச் சொல்கிறார். மூவேந்தரில் யாராவது ஒருவரின் ஆள் எப்போதும் வந்து, எங்களுக்குத் துணையாக வா என்று கேட்பான். அதற்காகக் கிடைத்த பொருளை எல்லாம் காரி கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவான். கடைசியில் அவனுக்கென்று மிஞ்சியது மனைவி மட்டும்தான் என்று பாராட்டுகிறார் கபிலர்.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு பொருளாதாரமே தெரியும். போரில் வந்த வருமானம் பாணர், புலவர் கைக்குப் போகிறது. கொடைக்கான பணம் வாளிலிருந்துதான் வந்தது. அதனால் காரியின் கொடையையும் கொலையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

அவன் படைக்கு எவ்வளவு மதிப்பு? ஒருமுறை சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் பெருநற்கிள்ளியும் மோதினார்கள். சோழன் பக்கம் நின்றது மலையமான் படை. வென்ற சோழன், இவனால்தான் ஜெயித்தோம் என்றான். தோற்ற சேரனும், இவன் மட்டும் இல்லையென்றால் நாம்தான் ஜெயித்திருப்போம் என்றானாம். புலவர் பெருஞ்சாத்தனார் பாடிய செய்தி இது.

முள்ளூரில் திரண்டு வந்த ஆரியர் படை மலையனின் ஒற்றை வேலுக்கு முன் நிற்காமல் ஓடியதாக நற்றிணையும் சொல்கிறது.

கபிலர் கோபப்பட்டது எதற்கு?

காரியின் கொடையைப் பாராட்டிய அதே கபிலர், அவனைக் கண்டிக்கவும் செய்தார். வந்த எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கிறாயே, புலமையின் தரம் பார்த்துக் கொடுக்க வேண்டாமா என்பதுதான் அவர் கேள்வி. கொடுப்பது சுலபம், தகுதியை அறிவதுதான் கஷ்டம் என்பது அவர் வாதம்.

இன்னொரு பாட்டில் சுவையான ஒப்பீடு வருகிறது. கள் குடித்த மயக்கத்தில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் முடியும். காரி தெளிவாக இருக்கும்போதே கொடுப்பான். அவன் கொடுத்த தேர்களை எண்ணினால், முள்ளூர் மலையில் பெய்த மழைத்துளிகளை விட அதிகம் என்கிறார் கபிலர்.

கெட்ட நாளில் போனாலும், சகுனம் சரியில்லாமல் போனாலும், சரியாகப் பாடத் தெரியாவிட்டாலும் காரியிடம் போனவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார் என்பது அவன் பெற்ற பெயர். இந்த வரியை மறக்காதீங்க. சில நூற்றாண்டு கழித்து இதே குலத்தில் இதே குணம் ஒருவர் உயிரையே வாங்கியது. அதற்குப் பிறகு வருவோம்.

ஓரியை ஏன் கொன்றான்?

முதலில் கோவலூர் கை மாறியது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வந்து கோவலூரை அழித்தான். அந்த வெற்றியைப் பரணர் பாடியதாக ஔவையார் தன் பாட்டில் சொல்கிறார்.

ஊரை இழந்த காரி சேரன் பக்கம் சாய்ந்தான். சேரனுக்கு வேண்டியது கொல்லிமலை. அதை ஆண்டவன் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தியவன் எனப் பாடப்பட்ட வில்லாளி. அவனும் வள்ளல். காரி அவனைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூறு இதை நேரடியாகவே சொல்கிறது. பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையும் தாக்கி அழித்தான். வரலாற்று ஆசிரியர்கள் பலரும் இந்த நிகழ்வுகளை இந்த வரிசையில்தான் கோர்க்கிறார்கள்.

ஓரியைக் கொன்ற பிறகு காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்தபோது ஓரியின் ஆட்களிடமிருந்து எழுந்த பேரிரைச்சலை நற்றிணைப் பாட்டு ஒன்று உவமையாக எடுத்தாள்கிறது. அதை எழுதியவர் யார் தெரியுமா? கபிலர்! காரியைப் புகழ்ந்து பாடிய அதே கபிலர். நண்பன் செய்த காரியம் என்பதற்காக அவர் அந்தத் தெருவின் சத்தத்தை மறைக்கவில்லை.

கல்லில் ஒரு சாட்சி

இதெல்லாம் வெறும் பாட்டுதானே, நிஜமாக நடந்ததா என்று கேட்கலாம். 1981-ல் திருக்கோவிலூர் அருகே உள்ள ஜம்பை என்ற ஊரில், குன்றின் குகைத்தளத்தில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் அந்த இருப்பிடத்தைக் கொடுத்தான் என்பது அதன் செய்தி. அவனுடைய பட்டமாக, அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் என்ற குலப்பெயரும் அதில் இருக்கிறது.

தகடூர்க்காரனின் பெயர் காரியின் ஊருக்குப் பக்கத்தில் எப்படி வந்தது? கோவலூரை அதியமான் பிடித்தான் என்ற பாட்டுச் செய்தியோடு இது பொருந்திப் போகிறது.

யானைக் காலில் பிள்ளைகள்

வாளை வாடகைக்கு விட்டவனுக்கு நண்பர்கள் மாறுவார்கள், பகைவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போவார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டிய நிலை பிள்ளைகளுக்கு வந்தது.

சோழன் கிள்ளிவளவன், மலையமானின் மக்களைப் பிடித்து வந்து யானையால் மிதிக்க வைத்துக் கொல்ல உத்தரவிட்டான். அந்தப் பிள்ளைகளைக் காரியின் பிள்ளைகள் என்றே மரபு சொல்கிறது. மன்றத்தில் யானை கொண்டுவரப்பட்டது. அப்போது கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே வந்தார்.

அவர் சொன்னது இரண்டே விஷயம். நீ ஒரு புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்தவன் வழியில் வந்தவன். இந்தப் பிள்ளைகளோ புலவர்கள் பசியோடு இருக்கக் கூடாது என்று தங்கள் உணவைப் பகிர்ந்தவர்களின் வழியில் வந்தவர்கள். பாவம், இவை யானையைப் பார்த்து வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டன, இப்போது புதிய இடத்தைப் பார்த்து மிரள்கின்றன. நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம் என்று முடித்தார்.

பிள்ளைகள் பிழைத்தார்கள். காரி புலவர்களுக்குக் கொடுத்தது இங்கேதான் திரும்பி வந்தது. தேர் வாங்கியவர்களின் கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து அவன் வம்சத்தைக் காப்பாற்றினார்.

இன்னொரு பக்கம், அதே குலத்தின் சோழிய ஏனாதி திருக்கண்ணன், நெருக்கடியில் முள்ளூர் மலையில் ஒளிந்திருந்த ஒரு சோழனுக்கு மீண்டும் வெண்கொற்றக் குடையை நிலைநிறுத்திக் கொடுத்ததாகப் புறநானூறு சொல்கிறது. ஏனாதி என்பது சோழர்கள் படைத் தலைவர்களுக்குக் கொடுத்த பட்டம். பிள்ளைகளைக் கொல்லப் பார்த்த சோழ குலமும் மலையமான் குலமும் கடைசியில் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

வாசலுக்கு வந்தவன் கத்தியோடு வந்தான்

நூற்றாண்டுகள் ஓடின. அதே திருக்கோவலூர், அதே மலாடர் குலம். இப்போது அரசர் மெய்ப்பொருள் நாயனார், அறுபத்துமூவரில் ஒருவர். எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரரே இவரைப் போற்றியிருப்பதால் அதற்கு முன் வாழ்ந்தவர்.

இவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன் என்ற எதிரி, திருநீறு பூசி சிவனடியார் வேடத்தில் வந்தான். அடியார் என்றால் அரண்மனையில் தடை இல்லை. ஏட்டுச் சுவடிக்குள் மறைத்து வைத்திருந்த கத்தியால் குத்தினான். காவலன் தத்தன் வாளை உருவினான். நாயனார் தடுத்தார். வந்தவர் நம்மவர், ஊர் எல்லை வரை யாரும் தொடாமல் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டு வா என்றார். தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார் என்கிறது பெரியபுராணம்.

வந்தவன் யாராக இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற காரியின் வழக்கம் இங்கே எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். காரி பொருளைக் கொடுத்தான். அவன் குலத்தவர் கொலைகாரனுக்குப் பாதுகாப்பைக் கொடுத்தார்.

ராஜராஜ சோழனின் தாய்வீடு

அடுத்த திருப்பம் பத்தாம் நூற்றாண்டில். சுந்தர சோழனின் அரசி வானவன் மாதேவி மலையமான் குலப் பெண். அவர் மகன்தான் 985-ல் அரியணை ஏறிய ராஜராஜ சோழன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனின் தாய்வழி, கோவலூர் வழி.

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கணவர் இறந்ததும், பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு வானவன் மாதேவி தீப்புகுந்ததை அது பதிவு செய்கிறது. அதே கல்வெட்டு கபிலரையும் நினைவுகூர்கிறது. பாரியின் மகளை மலையனுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டு, பெண்ணை ஆற்றுக் கல்லில் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. கபிலர் காலத்துக்கும் கல்வெட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள். அத்தனை காலமும் அந்த ஊர் அவரை மறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதற்குப் பிறகும் பிற்காலச் சோழர்களின் கீழ் கிளியூர் மலையமான்கள் என்ற பெயரில் இந்தக் குலத்தவர் சிற்றரசர்களாகத் தொடர்ந்தார்கள்.

இன்று காரி எங்கே இருக்கிறான்?

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதம் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. செம்மேட்டில் சிலையும் உண்டு. தோற்றவனை அந்த மலை இன்றும் தன் ராஜாவாகக் கொண்டாடுகிறது.

காரியைத் தேடினால் வேறு இடங்களில்தான் கிடைப்பான். 1894-ல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிய புறநானூற்றில் இருக்கிறான். ஒரு செப்புக் காசின் குதிரையில் இருக்கிறான். திருக்கோவிலூரில் பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றின் அருகே போனால், அவனைப் புகழ்ந்தும் கண்டித்தும் பாடிய நண்பர் நினைவாக இருக்கிறார்.

ஓரி இறந்ததால் காரியின் பெயரில் ஒரு பழி ஒட்டிக்கொண்டது. ஆனாலும் புலவர்கள் அவனை ஏழு வள்ளல்களின் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தார்கள். கொடுத்ததையும் எழுதினார்கள், அந்தத் தெருவில் எழுந்த சத்தத்தையும் எழுதினார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து நமக்கு முழு மனிதனாகக் காரி கிடைப்பது அதனால்தான்.