தூக்கணாங்குருவியிடம் படித்தவர்

1896-ல் பம்பாயில் பிறந்தவர் சலீம் அலி. மூன்று வயதுக்குள் அப்பா, அம்மா இருவரும் போயிட்டாங்க. தாய்மாமாதான் வளர்த்தார். பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930-ல் திரும்பினால், மியூசியத்தில் பார்த்த வேலையும் இல்லை!

மனைவியோடு கிஹிம் கடற்கரைக்குப் போனார். அங்கே தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் பாதிக் கூடு கட்டும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் குடியேறும். அது முட்டையிட்டதும் ஆண் பக்கத்திலேயே அடுத்த கூடு, அடுத்த ஜோடி! அடைகாப்பது தாய்தான், இரை ஊட்டுவதும் பெரும்பாலும் அதுவே. 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். அறிஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

1976-ல் பத்ம விபூஷண். 1987-ல் மறைந்தார். பெண்குருவி ஒதுக்கிய கூட்டை விட்டுட்டு ஆண்குருவி மறுபடி முடையும். அரியர் வைத்த நாம மட்டும் ஏன் சோர்ந்து உட்காரணும்?